எக்ஸிக்யூட்டர் என்ற பொறுப்பு: பச்சையப்பர் உயில் முதல் பிரேசர் டவுன் வீடு வரை

பெங்களூரு பிரேசர் டவுனில், மாஸ்க் ரோடிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் என் அத்திம்பேரின் வீடு இருந்தது. 2008ஆம் ஆண்டு அவர் காலமானார். பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்த பிற்பகல், அக்கா பீரோவிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து என் கையில் கொடுத்தாள். உள்ளே நான்கு பக்க உயில். வீட்டில் அக்கா ஆயுள் உள்ளவரை குடியிருக்க வேண்டும். பிறகு அது இரண்டு பிள்ளைகளுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் போக வேண்டும். வங்கி டெபாசிட்டுகள், ஷேர்கள், மயிலாப்பூரில் பிதுரார்ஜித வீட்டில் அவருக்கு வந்த பாகம் ஆகியவை இன்னின்னாருக்கு என்று தெளிவாக எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் எக்ஸிக்யூட்டராக என் பெயர். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்டதில்லை. அரசாங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்தவன், இதையும் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருக்க வேண்டும்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். சென்னைச் சொத்து இருந்ததால் புரொபேட் வாங்க வேண்டியிருந்தது. அதற்கே ஒன்றரை வருஷம் ஆயிற்று. பிறகு ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் வருஷ சிராத்தத்தன்று, சாப்பாடு முடிந்து வாத்தியாரும் கிளம்பிய பிறகு, சின்ன மருமான் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் மெதுவாகக் கேட்டான்: "மாமா, அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. எது எங்க இருக்கு, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினா நன்னா இருக்கும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பைசா நான் தொட்டதில்லை. சென்னைக்குப் போய் வந்த ரயில் கட்டணத்தைக் கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இருந்தும் கணக்குக் கேட்டுவிட்டானே என்ற வருத்தம். மறு வாரம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் ஒரு பிரதியை வாங்கி உட்கார்ந்து படித்தேன். புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துக்களின் பட்டியலையும், ஒரு வருஷத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் எக்ஸிக்யூட்டர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 317ஆம் பிரிவு சொல்கிறது. பட்டியலை வக்கீல் தாக்கல் செய்திருந்தார். கணக்கை நான் கொடுக்கவே இல்லை. மருமான் கேட்டது மரியாதைக் குறைவு அல்ல. சட்டப்படி அவனுக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறான்.

அதன் பிறகுதான் இந்தப் பொறுப்பு நம்மிடையே எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நம் அங்கத்தினர்களில் பலர் உயில் எழுதியிருப்பீர்கள்; இன்னும் பலருடைய பெயர் யாரோ ஒருவருடைய உயிலில் எக்ஸிக்யூட்டராக இருக்கக்கூடும், அவர்களுக்கே தெரியாமல். ஆகவே படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. 'உயில்' என்பது தமிழ்ச் சொல் போலத் தோன்றும். அது ஆங்கிலத்தின் 'வில்' என்பதன் தமிழ் உருவம்தான். பழைய தர்ம சாஸ்திரங்களில் உயில் என்ற ஏற்பாடே இல்லை. தகப்பனார் காலமானால் சொத்து பிள்ளைகளுக்கு, கடனும் அவர்களுக்கே. பிண்டம் போடுகிறவன் சொத்தை எடுத்துக்கொள்கிறான், கடனையும் அடைக்கிறான் என்பது சித்தாந்தம். தகப்பன் கடனை அடைப்பது பிள்ளையின் மதக் கடமை என்ற அந்தக் கொள்கையை நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஏற்று வந்தன. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம்தான், அதற்குப் பின் ஏற்படும் கடன்களுக்கு அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் குடும்பத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாவது மனிதருக்கு வேலையே கிடையாது. இறந்தவரின் விருப்பத்தை நடத்தி வைக்க இன்னொருவர் என்பது இங்கிலாந்திலிருந்து கம்பெனியாரின் நீதிமன்றங்கள் வழியாக நமக்கு வந்த சரக்கு.

அந்தச் சரக்கைத் தமிழர்களில் முதலில் பயன்படுத்தியவர்களுள் ஒருவர், எல்லோருக்கும் தெரிந்த பச்சையப்ப முதலியார். 1754ல் ஏழைக் குடும்பத்தில், தகப்பனார் மறைந்த பிறகு பிறந்தவர். நாராயண பிள்ளை என்ற செல்வாக்குள்ள துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, தாமே துபாஷியாகிப் பெரும் செல்வம் சேர்த்தார். 1794 மார்ச் 22ஆம் தேதி உயில் எழுதினார். மார்ச் 31ஆம் தேதி திருவையாற்றில் காலமானார், வயது நாற்பதுதான். தம் செல்வத்தைக் காசி முதலான க்ஷேத்திரங்களில் பூஜைக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கியிருந்தார்.

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. உயில் சரியாகவே இருந்தது, பணமும் இருந்தது. தர்மம் மட்டும் நடக்கவில்லை. நடத்தி வைக்க வேண்டியவர்கள் நடத்தவில்லை. குடும்பத்தாருக்குள்ளும் மற்றவர்களுக்குள்ளும் வியாஜ்யம் வந்தது. சொத்து கை மாறியது. ஒரு தலைமுறை இப்படியே போயிற்று. சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் இந்த விஷயத்தை அன்றைய சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போனார் (இது 1801ல் ஏற்பட்ட மதராஸ் சுப்ரீம் கோர்ட்; இன்றைய டெல்லி சுப்ரீம் கோர்ட் அல்ல). அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் தொடர்ந்தார். இதற்குள் நிலுவைகளும் வட்டியும் சேர்ந்து தொகை வளர்ந்திருந்தது. உயிலில் கண்ட தர்மங்களுக்கு ஒரு லட்சம் வராகன், அதாவது மூன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அது போக சுமார் நாலரை லட்சம் ரூபாய் மிஞ்சியது. அந்த மிச்சத்தைக் கல்விக்குச் செலவிடுவதென்று திட்டமாயிற்று. 1842 ஜனவரி 1ஆம் தேதி பச்சையப்பர் பள்ளிக்கூடம் சென்னையில் திறக்கப்பட்டது. இன்றைய பச்சையப்பன் கல்லூரிக்கு அதுவே வித்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் கண்ணை மூடியதிலிருந்து பள்ளிக்கூடம் திறக்க 48 வருஷம். கல்லூரி வந்ததே, நல்லதுதானே என்று சிலர் சொல்வார்கள். வந்தது உண்மை. ஆனால் அது உயிலை நிறைவேற்றியவர்களால் வந்ததல்ல; நிறைவேற்றாததைக் கேள்வி கேட்ட வெளியார் இருவரால் வந்தது. தர்மமாக இருந்ததால் கேட்பதற்கு அட்வகேட் ஜெனரல் இருந்தார். நம் போன்றவர்களின் வீட்டு உயிலுக்கு யார் கேட்பார்கள்? சிராத்தத்தன்று கூடத்தில் உட்கார்ந்து ஒரு மருமான் கேட்டால்தான் உண்டு.

இதற்கு நேர்மாறாக ஒன்று. நான் கெமிஸ்ட்ரி படித்தவன்; டைனமைட் என்றால் ஆல்ஃபிரட் நோபல் நினைவு வரும். அவர் 1895 நவம்பர் 27ஆம் தேதி, வக்கீல் யாரையும் வைத்துக்கொள்ளாமல், தாமே உயில் எழுதினார். 1896 டிசம்பர் 10ஆம் தேதி காலமானார். எக்ஸிக்யூட்டர்களாகக் குறிப்பிட்டிருந்த இருவரில் ஒருவர் ராக்னர் சோல்மன், அவரிடம் உதவியாளராக இருந்த இளம் எஞ்சினீயர். வயது 26! தம் பெயர் உயிலில் இருப்பதே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. சொத்து பல நாடுகளில் சிதறிக் கிடந்தது. உறவினர்கள் எதிர்த்தார்கள். பாரிஸில் வங்கிகளில் இருந்த பத்திரங்களை எடுத்து, குதிரை வண்டியில் வைத்துக்கொண்டு, கையில் குண்டு நிரப்பிய ரிவால்வருடன் அவரே போனார் என்பது பிரசித்தம். 1898ல் உறவினர்களோடு சமரசம், 1900ல் நோபல் அறக்கட்டளை, 1901ல் முதல் பரிசுகள். ஐந்தே வருஷம். ஆயுதம் நமக்கு வேண்டாம்; அந்த வேகம் வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் கதைக்கு வருவோம். மதராஸ் ராஜதானியில் 1829ல் வந்த ஓர் ஒழுங்குமுறை, இந்துக்களின் சட்டத்தில் உயில் என்பதே அறியப்படாதது, சாஸ்திரத்துக்குப் பொருந்தும் அளவுக்குத்தான் அது செல்லும் என்று கட்டுப்படுத்தியது. 1856ல் நாகலட்சுமி அம்மாள் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், இந்துக்கள் உயில் எழுதலாம் என்பதை உறுதியாக்கியது. 1870ல் இந்து உயில்கள் சட்டம். அதுவோ நாடு முழுவதற்கும் அல்ல: வங்காளத்துக்கும், சென்னை, பம்பாய் ஹைகோர்ட்டுகளின் நேரடி அதிகாரத்துக்கு உட்பட்ட நகர எல்லைகளுக்கும் மட்டுமே. அந்த எல்லைக்குள் உயில் எழுத்தில், இரண்டு சாட்சிகளோடு இருக்க வேண்டும். புரொபேட் வாங்காமல் எக்ஸிக்யூட்டர் கோர்ட்டில் உரிமை கோர முடியாது. எல்லைக்கு வெளியே வாய்மொழி உயில் கூடச் செல்லும். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1927 ஜனவரி 1 முதல்தான் எழுத்தும் இரண்டு சாட்சிகளும் எல்லா ஊர் இந்துக்களுக்கும் பொதுவாயின. புரொபேட் கட்டாயம் மட்டும் பழைய எல்லைக்கோட்டிலேயே நின்றுவிட்டது.

பிரேசர் டவுன் இந்தக் கோட்டுக்கு வெளியே. அந்தப் பேட்டையின் பிறப்பே தனிக் கதை. 1898ல் பெங்களூரில் பிளேக் வந்து ஜனங்கள் மடிந்தார்கள். நெருக்கடியான தெருக்களை விட்டு, காற்றோட்டமாக, எலி புகாதபடி வீடுகள் கட்ட வேண்டும் என்று கண்டோன்மென்ட் நிர்வாகம் புதுப் பேட்டை ஒன்றை 1906 முதல் உருவாக்கியது. மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இப்போது புலிகேசி நகர் என்று பெயர். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பார். அப்போது இது மைசூர் மகாராஜாவின் நேரடி நிர்வாகத்தில் இல்லை. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று ரெசிடெண்டின் கீழ் இருந்தது. 1947 ஜூலை 26ஆம் தேதிதான் மைசூருக்குத் திரும்பியது. பட்டாளத்தோடு ஆற்காடு, சென்னைப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் இங்கே நிறைய. அவர்களில் பெரியவரான ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873ல் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கி, தம் தர்மங்களைத் தம் வாழ்நாளிலேயே ஏற்பாடு செய்து, 1910ல் காலமானார். உயிலை எழுதி வைத்துவிட்டுப் போன பச்சையப்பரின் அனுபவம் அவர் காதில் விழுந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றும்; இது என் ஊகம்தான்.

அத்திம்பேர் வீட்டின் தாய்ப் பத்திரத்தில் அந்தப் பழைய ஸ்டேஷன் காலத்து முத்திரை இருந்தது. பிரேசர் டவுன் வீட்டுக்குப் புரொபேட் தேவையே இல்லை. மயிலாப்பூர் பாகத்துக்குத் தேவைப்பட்டது. காரணம், சென்னை ஹைகோர்ட்டின் நகர எல்லையை வைத்து 1870ல் போட்ட அந்தக் கோடு. ஒரே உயில், ஒரே மனிதர், இரண்டு விதி. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் இந்தக் கட்டாயத்தை விதித்த 213ஆம் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. 155 வருஷத்துக்குப் பிறகு கோடு அழிந்தது! இனி புரொபேட் வேண்டாம் என்று யாரும் குதிக்க வேண்டாம். தகராறு வரக்கூடிய குடும்பத்தில் உயில் உண்மையானது என்பதற்குக் கோர்ட் முத்திரையை விட மேலான சாட்சி கிடையாது. பழைய விவகாரங்கள் உள்ளவர்கள் வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

புரொபேட் போனாலும் எக்ஸிக்யூட்டரின் கடமைகள் போகவில்லை. சட்டம் அவற்றை வைத்திருக்கும் வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. முதல் கடமை என்ன தெரியுமா? இறந்தவரின் அந்தஸ்துக்குத் தக்கபடி அந்திமக் கிரியைக்குப் பணம் ஏற்பாடு செய்வது. இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். ஆனாலும் நம் வாத்தியார்கள் கூட ஆட்சேபிக்க மாட்டார்கள். பிறகு சொத்தையும் வர வேண்டிய பாக்கிகளையும் நியாயமான சுறுசுறுப்போடு சேகரிப்பது. கொடுக்கும்போது, முதலில் கிரியைச் செலவும் கடைசி நோயின் வைத்தியச் செலவும். அடுத்து புரொபேட் முதலிய கோர்ட் செலவு. அதற்கு அடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் தொழிலாளிக்கோ, கைத்தொழிலாளிக்கோ, வீட்டு வேலைக்காரருக்கோ பாக்கி இருக்கும் கூலி. பிறகுதான் மற்றக் கடன்கள். கடன்களெல்லாம் தீர்ந்த பிறகே உயிலில் கண்டவர்களுக்குப் பங்கு. பிள்ளை அமெரிக்காவிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருக்கிறான் என்பதற்காக டெபாசிட்டை முதலில் பிரித்துக் கொடுத்துவிட்டு, பின்னால் ஆஸ்பத்திரி பில் வந்தால் எக்ஸிக்யூட்டர் தம் கைப்பணத்தைப் போட நேரிடலாம். காலமான நாளிலிருந்து ஒரு வருஷம் வரை பங்கு கொடுக்கும்படி எக்ஸிக்யூட்டரை நெருக்க முடியாது என்று சட்டம் அவகாசம் தருகிறது. அந்த ஒரு வருஷம் அவருடைய வசதிக்காகத் தூங்குவதற்கு அல்ல. கடன்காரர்கள் வந்து சேர்வதற்கு.

அக்கா வீட்டில் இருபது வருஷமாகப் பாத்திரம் தேய்த்த அம்மாளுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அத்திம்பேர் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், யாரும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சட்டப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் நான் விசாரித்தேன். வரிசையில் மூன்றாவதாகக் கொடுத்திருக்க வேண்டியது மூன்று வருஷம் கழித்து நினைவுக்கு வருகிறது. இதுதான் என் லட்சணம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மயிலாப்பூர் பாகத்தை விற்றுப் பணமாகப் பிரிக்க வேண்டும் என்பது உயில். வாங்க வந்தவர்கள் குறைத்தே கேட்டார்கள். மூன்றாம் மனிதருக்குப் போவானேன், கடைசியாக வந்த விலைக்கு மேல் ஒரு லட்சம் போட்டு நாமே வாங்கிக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை, குழந்தைகளுக்கும் லாபம்தானே! அக்காவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். வக்கீலிடம் சொன்னேன், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சார், விற்கிறவரும் நீங்கள், வாங்குகிறவரும் நீங்கள். விலை சரி என்று யார் சொல்வது?" என்றார். எக்ஸிக்யூட்டர் இறந்தவரின் சொத்தை நேராகவோ பினாமியாகவோ வாங்கினால், பாத்தியதை உள்ள யார் வேண்டுமானாலும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது. விலை நியாயமா இல்லையா என்ற பேச்சுக்கே அங்கே போவதில்லை. எண்ணத்தைக் கைவிட்டேன். ஆனால் அந்த யோசனை சின்ன மருமான் காதுக்குப் போயிருக்கிறது. கணக்குக் கேட்டதற்கு அதுவும் காரணம் என்று பின்னால் அவனே சொன்னான்.

உயிலால் சொத்து முழுவதும் சட்டப்படி எக்ஸிக்யூட்டரிடம் வந்து சேர்கிறது. விற்க அதிகாரம், வழக்குப் போட அதிகாரம் எல்லாம் உண்டு. ஆனால் எதுவும் அவருடையது அல்ல. நாமினி என்று வங்கியில் எழுதி வைத்திருக்கிறதே, அவர் நிலையும் ஏறக்குறைய இதுதான். இன்ஷூரன்ஸ் நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு என்று சுப்ரீம் கோர்ட் 1983ல் சொன்னது. ஷேர்களுக்கும் அப்படியே என்று 2023 டிசம்பரில் சொல்லியது. இன்ஷூரன்ஸில் மட்டும் 2015ன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், மனைவி அல்லது கணவர், குழந்தைகள் நாமினியாக இருந்தால் நிலைமை வேறு. பெரிய மருமான் சில டெபாசிட்டுகளுக்கு நாமினி. தனக்கே என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவனை உட்கார வைத்து இதை விளக்கியதுதான் இந்த விவகாரத்திலேயே எனக்குக் கடினமான அரை மணி நேரம்.

என் காலத்து எக்ஸிக்யூட்டர்களுக்கு ஒரு தலைவலி குறைவு. 1953 அக்டோபரிலிருந்து 1985 மார்ச் வரை எஸ்டேட் டியூட்டி என்ற மரண வரி இருந்தது. அதைக் கணக்கிட்டுக் கட்டி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுமாம். வருமான வரி மட்டும் இன்றும் உண்டு. காலமான நாள் வரை அவர் சார்பில் ஒரு ரிட்டர்ன். அதன் பிறகு பிரித்து முடிக்கும் வரை வரும் வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் எஸ்டேட் சார்பில் எக்ஸிக்யூட்டர் ரிட்டர்ன். இது பலருக்குத் தெரிவதில்லை.

விருப்பமில்லாதவர்கள் ஆரம்பத்திலேயே மறுத்துவிடலாம். சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கை வைத்துவிட்டு நடுவில் உதறுவது எளிதல்ல. ஆகவே உயில் எழுதுகிறவர்கள் தயவு செய்து அந்த நபரை முன்கூட்டியே கேளுங்கள். அவருக்கு உங்களைவிட வயது குறைவாக இருக்கட்டும். எழுபதைத் தாண்டிய என்னை நேற்றுக் கூட ஒரு நண்பர் கேட்டார், நான் கைகூப்பிவிட்டேன்.

மருமான் கேட்டதற்கு மறு மாதம், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி முதல் நாளிலிருந்து எழுத உட்கார்ந்தேன். வங்கிப் பாஸ்புக், ரசீதுகள், வக்கீல் பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எழுத ஏழு வாரம் ஆயிற்று. இரண்டு இடத்தில் என் பேரில் தவறு: ஒரு டிவிடெண்ட் வாரண்ட் மாற்றாமலே காலாவதியாகியிருந்தது, சொத்து வரி ஒரு வருஷம் தாமதமாகி அபராதம். இரண்டையும் சிவப்பு மையில் எழுதி, அபராதத்தை நான் கட்டினேன். வாரண்டை எழுதிப் போட்டுப் புதிதாக வாங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுன் கூடத்தில் நோட்டைப் பெரிய மருமான் உரக்கப் படித்தான். பெண் அமெரிக்காவிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக்கு முந்தைய பதிவு, பாத்திரம் தேய்த்த அம்மாளுக்கு இரண்டு மாதச் சம்பளம். "இதுக்கு வட்டி போடலையா மாமா?" என்றான் சின்னவன். அக்கா உள்ளே போய்த் தன் பர்ஸை எடுத்து வந்தாள். கணக்கில் சேராதது என்பதால் அதை நான் நோட்டில் எழுதவில்லை.